மெட்டும் பாட்டும்: பெங்களூர்த் தமிழரின் பாட்டுப் பரிமாற்றம்

முன்னுரை

பழைய தமிழ்ப் பாட்டுப் புத்தகங்களைப் புரட்டுவோர், பாடலின் தலைப்பகுதியில் இராகம், தாளம் ஆகியவற்றின் பெயர்களோடு மூன்றாவதாக ஒரு குறிப்பும் அச்சிடப்பட்டிருப்பதைக் காணலாம். வேறொரு பாடலின் முதலடியை எடுத்துக்காட்டி, ‘என்ற வர்ணமெட்டு’ என்று அக்குறிப்பு முடியும். புதிய பாட்டை இயற்றியவர், ‘நீ முன்பே அறிந்த இன்ன பாட்டைப் போல இதனைப் பாடு’ என்று படிப்பவரிடம் கூறும் கூற்று அது. சுரக்குறிப்பு அறியாத மக்களிடையே ஒரு பாட்டின் இசையை அச்சின் வழியாகக் கொண்டு சேர்ப்பதற்கு இதனினும் எளிய வழி வேறு இல்லை.

இலக்கிய வரலாற்று நூல்கள் பாடலைப் பற்றிப் பேசுகின்றன. இசை வரலாற்று நூல்கள் இராகத்தைப் பற்றிப் பேசுகின்றன. இவ்விரண்டுக்கும் இடையில் நிற்கும் மெட்டுக் குறிப்பை இருசாராரும் பெரிதாகக் கருதவில்லை. பிற்காலத்து மலிவுப் பதிப்புகள் பலவற்றில் இக்குறிப்புகள் தேவையற்றவை என நீக்கப்பட்டும் உள்ளன. ஆனால் பாட்டு எவ்வாறு பிறந்தது, யார் காதிலிருந்து யார் வாய்க்குச் சென்றது என்பதற்கு எஞ்சியுள்ள எழுத்துச் சான்று பெரும்பாலும் இது ஒன்றே. பாட்டுக் கட்டுதலும், விரும்பிய பாட்டை நண்பருக்குச் சொல்லுதலும் தனித்தனிச் செயல்கள் அல்ல, ஒரே செயலின் இரு முகங்கள் என்பதை இக்குறிப்பு காட்டுகின்றது. இக்கருத்தைப் பெங்களூர்த் தமிழரின் வாழ்க்கைச் சூழலில் வைத்து ஆராய்வது இக்கட்டுரையின் நோக்கம்.

1. சொல் வரலாறு

‘மெட்டு’ என்னும் சொல் தமிழில் மேடு, வீணை முதலிய கருவிகளின் தண்டில் விரல் பதிக்கும் கட்டை, பாடலின் இசையமைப்பு ஆகிய பொருள்களில் வழங்குகின்றது. கன்னடத்தில் ‘மெட்டு’ என்பது மிதித்தல், காலடி வைத்தல் எனப் பொருள்படும் வினை. தெலுங்கில் அதுவே படிக்கட்டின் படியைக் குறிக்கும். வீணையின் மெட்டும் சுரங்களின் படிவரிசையே ஆதலின், படிப்படியாக ஏறி இறங்கும் இசை நடைக்கு இப்பெயர் பொருந்தியது எனக் கொள்ளலாம்.

கன்னட யட்சகான ஏடுகளில் பாடலின் இசையமைப்பு ‘மட்டு’ எனப்படும். அளவு என்னும் பொருளில் அச்சொல் தமிழிலும் உண்டு. கன்னட நாடகப் பாடல்களில் ‘தாட்டி’ என்னும் சொல்லும் வழங்கும். தெலுங்கர் ‘வரச’ என்பர். உருது பேசுவோர் ‘தர்ஸ்’ என்பர். மராத்தி நாடக நூல்களில் ஒவ்வொரு பாட்டின் மேலும் ‘சால்’ என்று எழுதி மூலப்பாட்டின் முதலடியைத் தருவர். ‘சால்’ என்பதற்கு நடை என்பது பொருள். தமிழிலும் கன்னடத்திலும் காலடி, மராத்தியில் நடை. இசையை நடத்தலோடு ஒப்பிட்டுப் பெயரிட்ட மனப்பாங்கு இம்மொழிகளுக்குப் பொதுவாக இருந்தமை கருதத்தக்கது.

பாட்டைக் குறிக்கும் சொல்லே இவ்வுறவுக்குச் சான்று பகரும். தமிழில் ‘பாடு’ எனும் வினை கன்னடத்தில் ‘ஹாடு’ என நிற்கும். சொல் முதற்கண் நின்ற பகரம் இடைக்காலக் கன்னடத்தில் ஹகரமாக மாறியது. பால் ‘ஹாலு’ ஆனது போன்றே பாட்டு ‘ஹாடு’ ஆயிற்று. பாட்டுக்கு இருமொழியும் ஒரே சொல்லையே வைத்திருக்கின்றன. ஒலி மட்டுமே வேறுபட்டது.

2. பரிபாடல் முதல் இராம நாடகம் வரை

பாட்டின் சொல்லும் இசையும் வெவ்வேறு ஆள்களிடமிருந்து வரலாம் என்பதையும், அதனை எழுதி வைக்க வேண்டும் என்பதையும் தமிழர் மிகப் பழங்காலத்திலேயே அறிந்திருந்தனர். பரிபாடலின் பாடற் குறிப்புகள் பாடிய புலவர், இசை வகுத்தவர், பண் என்னும் மூன்றையும் தருகின்றன. மூன்றாம் பாடலைப் பாடியவர் கடுவன் இளவெயினனார்; இசை வகுத்தவர் பெட்டனாகனார்; பண் பாலையாழ். 1918ஆம் ஆண்டில் உ.வே.சாமிநாதையர் இந்நூலைப் பதிப்பித்தபோது இக்குறிப்புகளையும் காத்து அளித்தமையால்தான், இசை வகுத்தோரின் பெயர்களேனும் இன்று நமக்குக் கிடைத்துள்ளன. ஆயினும் பெட்டனாகனார் வகுத்த இசை கிடைக்கவில்லை. பெயர் பிழைத்தது, பாட்டு ஊமையாயிற்று.

இவ்விழப்பின் அச்சம் தேவார வரலாற்றிலும் தெரிகின்றது. ஏடுகள் கிடைத்த பின்னரும் பண்முறை தெரியாமையால், திருநீலகண்ட யாழ்ப்பாணர் மரபில் வந்த பெண்ணொருத்தியைக் கொண்டு பண்கள் வகுக்கப்பட்டன எனத் திருமுறைகண்ட புராணம் கூறும். இது புராணச் செய்தியே எனினும், பாட்டின் எழுத்து மட்டும் போதாது, அதனைக் கேட்டுக் கேட்டுக் காத்த ஒரு குடும்பமோ குழுவோ வேண்டும் என்னும் கருத்து இதில் பொதிந்துள்ளது.

பதினெட்டாம் நூற்றாண்டில் அருணாசலக் கவிராயர் (1711-1779) இராம நாடகக் கீர்த்தனைகளை இயற்றியபோது, சட்டநாதபுரத்தைச் சேர்ந்த வெங்கடராமையர், கோதண்டராமையர் என்னும் இருவர் அவற்றுக்கு இசையமைத்தனர் என்பது மரபு. அவர்கள் கவிராயரிடம் தமிழ் பயின்றவர்கள். ஆசிரியர் சொல் தந்தார். மாணாக்கர் மெட்டுத் தந்தனர். கொடுப்பவரும் கொள்பவரும் இடம் மாறி நிற்கும் இவ்வுறவே பாட்டுக் கலையின் இயல்பான சூழல்.

கோபாலகிருஷ்ண பாரதியார் திருவையாற்றில் தியாகராச சுவாமிகளைக் கண்ட நிகழ்ச்சியை உ.வே.சாமிநாதையர் பதிவு செய்துள்ளார். சுவாமிகளின் மாணாக்கர் ஆபோகி இராகத்தில் ஒரு கீர்த்தனை பாடிக்கொண்டிருந்தனர். அவ்விராகத்தில் நீங்கள் ஏதேனும் பாடியதுண்டா என்று சுவாமிகள் வினவினார். பாரதியார் அப்போது விடை கூறவில்லை. பின்னர் அதே இராகத்தில் தமிழ்க் கீர்த்தனை ஒன்றை இயற்றி வந்து பாடினார். தெலுங்குப் பாட்டொன்றைக் கேட்ட மகிழ்ச்சி தமிழ்ப் பாட்டொன்றாகத் திரும்பிச் சென்றது. நண்பர் சொன்ன பாட்டுக்கு நாம் தரும் மறுமொழி, நாமும் ஒரு பாட்டுத் தருவதே என்பதற்கு இதனை விடச் சிறந்த எடுத்துக்காட்டு வேண்டுவதில்லை.

3. மெட்டு சுமந்து வரும் பொருள்

மெட்டு இசையை மட்டுமே கொண்டு வருவதன்று. மூலப்பாட்டின் பொருளையும் சூழலையும் அது தன்னோடு இழுத்து வருகின்றது. கோபாலகிருஷ்ண பாரதியாரின் நந்தனார் சரித்திரக் கீர்த்தனை 1860களின் தொடக்கத்தில் அச்சேறி, நாடெங்கும் பரவியது. பின்னர் வந்த சுப்பிரமணிய பாரதியார் (1882-1921) தம் தேசியப் பாடல்கள் பலவற்றை அதன் மெட்டுகளில் அமைத்தார். ஆங்கில அதிகாரி இந்தியத் தேசபக்தனை அதட்டுவதாக அமைந்த ஒரு பாடலுக்கு, ஆண்டை தன் பண்ணையாளாகிய நந்தனை அதட்டும் பாட்டின் மெட்டை அவர் தேர்ந்துகொண்டார். நந்தனார் கதையைக் கேட்டுப் பழகிய காதுகளுக்கு இதன் பொருள் சொல்லாமலே விளங்கும். நாட்டை ஆள்வோன் ஆண்டை, நாம் அடிமைகள், ஆயினும் நந்தன் இறுதியில் தில்லையை அடைந்தான். இவ்வளவும் அந்த ஒரு வரிக் குறிப்பில் அடங்கியுள்ளது. அக்குறிப்பை நீக்கிப் பாட்டை மட்டும் அச்சிடும் பதிப்பு, பாட்டின் பாதிப் பொருளையும் நீக்கிவிடுகின்றது.

கிறித்தவத் தமிழரும் இவ்வழியையே கைக்கொண்டனர். தஞ்சை வேதநாயக சாஸ்திரியார் (1774-1864) நாட்டில் வழங்கிய கீர்த்தனை, சிந்து, கும்மி வடிவங்களில் பாடல்கள் இயற்றினார். அமெரிக்க மதுரை மிஷனைச் சேர்ந்த எட்வர்டு வெப் 1853ஆம் ஆண்டில் வெளியிட்ட கீர்த்தனைத் திரட்டுக்கு அவருடைய பாடல்களே அடிப்படையாயின. தமிழர் குடியேறிய இடங்களுக்கெல்லாம் இக்கீர்த்தனைகளும் சென்றன. பெங்களூர்த் தமிழ்த் திருச்சபைகளும் இவற்றுள் அடங்கும்.

இவ்வழக்கம் தமிழுக்கே உரியதன்று. பதினாறு, பதினேழாம் நூற்றாண்டுகளில் இலண்டன் தெருக்களில் விற்கப்பட்ட ஒற்றைத்தாள் கதைப்பாடல்களிலும் இன்ன பாட்டின் மெட்டு என்னும் குறிப்பே இருந்தது. எபிரேய விவிலியத்தின் சங்கீதங்கள் சிலவற்றின் தலைப்பில் உள்ள விளங்காத சொற்கள், அக்காலத்தில் வழங்கிய பாட்டுகளின் பெயர்களாகலாம் என அறிஞர் கருதுகின்றனர். 22ஆம் சங்கீதத்தின் தலைப்பில் வரும் ‘விடியலின் பெண்மான்’ என்பது அத்தகையது. அம்மான் பாட்டு எதுவென்று இன்று யாரும் அறியார்.

4. பெங்களூர்: இரு நகரம், பல மொழி

1809ஆம் ஆண்டில் ஆங்கிலேயர் பெங்களூரில் படைப்பாளையம் அமைத்தனர். படைவீரர், பொருள் வழங்குவோர், கட்டடத் தொழிலாளர், இல்லப் பணியாளர் எனச் சென்னை மாகாணத்திலிருந்து பலர் வந்து குடியேறினர். தமிழ் பேசுவோர் இவர்களுள் முதன்மையான தொகுதியினர். 1881இல் மைசூர் அரசு உடையார் குடும்பத்திடம் திரும்ப ஒப்படைக்கப்பட்ட பின்னரும் பாளையப் பகுதி ஆங்கிலேயர் ஆட்சியிலேயே இருந்து, 1947இல்தான் மைசூருடன் சேர்ந்தது. பழைய பேட்டையும் பாளையமும் 1949இல் ஒரே மாநகராட்சியின் கீழ் வந்தன. கன்னடம், தமிழ், தெலுங்கு, உருது, மராத்தி ஆகிய மொழிகள் அடுத்தடுத்த தெருக்களில் வழங்கிய ஊர் இது.

இத்தகைய ஊரில் மெட்டுகள் இடம் பெயர்வது இயல்பு. அதற்கு முன்பே நாடகக் குழுக்கள் இதற்கு வழி வகுத்திருந்தன. 1880இல் சாகுந்தலத்தை மராத்தி இசை நாடகமாக்கிய அண்ணாசாகேப் கிர்லோஸ்கர், பெல்காம் மாவட்டத்தில் பிறந்தவர். கன்னட மெட்டுகள் பலவற்றை மராத்தி மேடைக்குக் கொண்டுசென்றவர். மராத்தி, பார்சி நாடகக் குழுக்களின் மெட்டுகள் பின்னர்த் தெற்கே வந்து கன்னட, தமிழ் நாடகங்களில் புகுந்தன. கன்னடத்திலிருந்து சென்ற இசை வேற்றுடை அணிந்து கன்னடத்துக்கே மீண்டதும் உண்டு.

கச்சேரி மேடையிலும் இக்கொடுக்கல் வாங்கல் நிகழ்ந்தது. நஞ்சன்கூட்டில் 1878இல் பிறந்த நாகரத்தினம்மாள் மைசூர் நாட்டில் இசை பயின்று, பின்னர்ச் சென்னையில் புகழ்பெற்றார். பெங்களூர் என்னும் ஊர்ப்பெயர் அவர் பெயருக்கு முன் நிலைத்தது. தமிழ்நாட்டு அரிகேசநல்லூர் முத்தையா பாகவதர் (1877-1945), நான்காம் கிருஷ்ணராஜ உடையாரின் விருப்பப்படி, சாமுண்டேசுவரியின் 108 திருநாமங்கள் மீது கன்னடத்தில் கீர்த்தனைகள் இயற்றினார். வியாசராயர் இயற்றியதாக வழங்கும் கன்னடக் கண்ணன் பாட்டுக்குத் தஞ்சை மரபில் வந்த பாலசரசுவதி பிடித்த அபிநயம் உலகப் புகழ் பெற்றது. இவை யாவற்றுக்கும் மேலாக, தமிழ்நாட்டுக் குழந்தை இசைப் பயிற்சியில் முதன்முதற் கற்கும் மலகரி இராகப் பிள்ளையார் கீதம், கன்னட நாட்டுப் புரந்தரதாசர் பெயரால் வழங்குவது.

இவை பொதுவரலாற்றில் இடம்பெற்ற செய்திகள். வீடுகளின் உள்ளே நிகழ்ந்த பரிமாற்றத்துக்குச் சான்று குறிப்பேடுகள். அல்சூர்ப் பகுதியில் வாழ்ந்த இக்கட்டுரையாளரின் தாயார், 1970களில் எழுதத் தொடங்கிய பாட்டு நோட்டு ஒன்றை வைத்திருந்தார். அதில் தமிழ்ப் பாடல்களோடு கன்னடத் தேவர்நாமங்களும் தமிழ் எழுத்தில் எழுதப்பட்டுள்ளன. இசை நூல்களில் வழங்கும் முறைப்படி, ககரம் முதலிய வல்லினங்களின் மேல் 2, 3, 4 என எண்ணிட்டு ஒலி வேறுபாடு காட்டப்பட்டுள்ளது. ஒவ்வொரு பாட்டின் மேலும் இராகத்தின் பெயர் இல்லாவிடினும், யாரிடம் கேட்டது என்னும் குறிப்பு தவறாமல் உண்டு. ‘மாடி வீட்டு மாமி சொன்னது’, ‘கொலுவில் கேட்டது’, ‘அக்கா ஊரிலிருந்து எழுதியனுப்பியது’ என்பன போன்றவை அவை.

அந்நோட்டில் தாயாரே கட்டிய நலங்குப் பாட்டு ஒன்றும் உள்ளது. குடும்பத் திருமணம் ஒன்றுக்காக எழுதப்பட்டது. அதன் தலையில், எதிர்வீட்டுக் கன்னட அம்மையார் பாடும் பாட்டு ஒன்றின் முதலடி தமிழ் எழுத்தில் தரப்பட்டு, ‘மெட்டு’ என்று குறிக்கப்பட்டுள்ளது. தாயார் மறைந்த பின் அப்பாட்டைப் பாட எவரும் இல்லை. எழுத்து மட்டும் இருந்தது. அதிலும் ‘பெண்ணூஉ’, ‘கண்ணூஉ’ எனப் பல இடங்களில் எழுத்துப் பிழைகள் மலிந்திருப்பதாகவே இக்கட்டுரையாளர் முதலில் கருதினார். தலைக்குறிப்பின் துணைகொண்டு, நகரின் வேறொரு பகுதிக்குக் குடிபெயர்ந்திருந்த அந்த அம்மையாரைத் தேடிச் சென்று முதலடியைப் படித்துக் காட்டியபோது, அவர் தயக்கமின்றி முழுப்பாட்டையும் பாடினார். பாட்டைக் கேட்டதும் பிழைகள் மறைந்தன. ‘பெண்ணூஉ’ என்று எழுதப்பட்ட ஒவ்வோரிடத்திலும் மெட்டு நீண்டு நின்றது. தாயார் எழுதியது பிழையன்று, அளபெடை. செய்யுளில் ஓசை குறையுமிடத்து நெடிலின்பின் இனக்குறிலை எழுதி ஒலியை நிறைக்கும் அம்முறை, இலக்கணம் பயிலாத ஒருவரின் கையில், பாட வேண்டிய தேவையால் தானே தோன்றியிருந்தது.

5. மெட்டு மாறும்போது மொழியில் நிகழ்வன

ஒரு மொழியின் மெட்டுக்கு மற்றொரு மொழியில் பாட்டுக் கட்டும்போது எழும் சிக்கல்கள் மொழியியல் நோக்கில் ஆராயத்தக்கவை. தமிழுக்கும் கன்னடத்துக்கும் இடையே இதற்குச் சாதகமான கூறு ஒன்று உண்டு. தமிழில் அடிதோறும் இரண்டாம் எழுத்து ஒன்றிவருவது எதுகை. கன்னடத்தில் இதுவே ஆதிப்பிராசம் எனப்படும். அடியின் தொடக்கத்தில் இரண்டாம் எழுத்தில் செவி எதிர்பார்க்கும் ஒன்றிப்பு இருமொழிக்கும் பொது ஆதலின், மெட்டில் அழுத்தம் விழும் இடங்கள் பெரும்பாலும் பொருந்திவிடுகின்றன.

இடர்ப்பாடு சொல்லின் ஈற்றில் தோன்றுகின்றது. இக்காலக் கன்னடத்தில் இயற்சொற்கள் யாவும் உயிரீறு கொண்டவை. ஊர் ‘ஊரு’ என்றும், கண் ‘கண்ணு’ என்றும் நிற்கும். ஆகவே கன்னட மெட்டு அடியின் ஈற்றில் உயிரை நீட்டி இழைக்கும் பாங்குடையது. எழுத்துத் தமிழிலோ ஊர், கண், மரம், அவன் என மெய்யீறுகள் மிகுதி. மெய்யை நீட்டிப் பாடுதல் அரிது. இதனால் தமிழில் பாட்டுக் கட்டுவோர் மூன்று வழிகளை நாடுகின்றனர். ஏகாரம், ஆகாரம், ஓகாரம் ஈறாகும் விளிவடிவங்களைக் கையாளுதல் ஒன்று. கண்ணு, பாலு, ஊரு எனக் குற்றுகரம் சேர்ந்த பேச்சு வடிவங்களை எடுத்துக்கொள்ளுதல் மற்றொன்று. மரம், அவன் போன்றவற்றின் ஈற்று மூக்கொலியை உயிரோடு கலந்து மூக்கின உயிராக ஒலித்தல் மூன்றாவது. இதுவும் பேச்சுத் தமிழின் இயல்பே.

வல்லின இரட்டிப்பு இன்னொரு தடை. கன்னட ‘ஹாடு’ என்பதில் ஒலி அறாது செல்லும். தமிழ்ப் ‘பாட்டு’ என்பதில் டகர மெய் ஒலிக்கும் கணத்தில் குரல் நின்றுவிடும். நீண்டு செல்லும் மெட்டில் இவ்விடைவெளி தெரியும். எனவே அத்தகைய இடங்களில் மெல்லின, இடையினச் சொற்களே தேர்ந்துகொள்ளப்படுகின்றன. நலங்குப் பாட்டில் பெண், கண், மஞ்சள், வளை போன்ற சொற்கள் நிறைந்திருப்பதற்குப் பொருள் மட்டுமே காரணமன்று என்பதை, அதன் கன்னட மூலத்தைக் கேட்ட பின்னரே உணர முடிந்தது. பாட்டில் பேச்சு வழக்கு ஏன் புகுந்தது என்னும் கேள்விக்கு, இயற்றியவரின் கல்வியில் மட்டும் விடை தேடுதல் போதாது. மெட்டிலும் தேட வேண்டும்.

6. பாட்டு உரிமைப் பொருளாதல்

வீடுகளில் எளிதாக நிகழ்ந்த இப்பரிமாற்றம் பொதுமேடையில் பூசலாயிற்று. தமிழ்நாட்டுக் கச்சேரிகளில் தமிழ்ப் பாடல்களுக்கு உரிய இடமில்லை என்னும் குறை 1941ஆம் ஆண்டில் அண்ணாமலைப் பல்கலைக்கழகத்தில் கூடிய இசை மாநாட்டின் தீர்மானங்களாலும், 1943இல் சென்னையில் நிறுவப்பெற்ற தமிழ் இசைச் சங்கத்தாலும் இயக்கமாக உருப்பெற்றது. கேட்பவன் மொழியில் பாடுக என்பது அதன் உயிர்நிலை.

இதே கோரிக்கை சுமார் இருபது ஆண்டுகளுக்குப் பின் பெங்களூரில் கன்னடத்தில் எழுந்தது. சாமராசப்பேட்டையில் 1939 முதல் நடைபெற்றுவரும் இராமநவமி இசைவிழா நாடறிந்தது. இவ்விழாக் காலக் கச்சேரிகளில் கன்னடக் கலைஞருக்கும் கன்னடப் பாடல்களுக்கும் உரிய இடம் அளிக்கப்படவில்லை என்று அ.ந.கிருஷ்ணராவ் முதலான கன்னட எழுத்தாளர் 1962இல் கிளர்ச்சி செய்தனர். சென்னையிலிருந்து வந்து பாடிய கலைஞர்கள் இக்குறையின் இலக்காயினர். 1980கள் முதல் பெங்களூர்க் கத்தோலிக்கத் திருச்சபையில் வழிபாட்டு மொழி குறித்து எழுந்த பூசலிலும், எம்மொழிப் பாட்டு எந்நேரம் பாடப்படுவது என்பது ஒரு பொருளாயிற்று.

தமிழிசை இயக்கத்தின் நியாயத்தை ஏற்பவர் கன்னடர் கோரிக்கையின் நியாயத்தை மறுத்தல் இயலாது. இரண்டும் ஒரே கோரிக்கையே. ஆயினும் இரண்டிலும் பேசப்பட்டது மேடையின் பங்கீடு. மெட்டுக் குறிப்பு காட்டும் உறவோ பங்கீட்டுக் கணக்கில் அடங்குவதன்று. 1991 டிசம்பரில் காவிரி நீர்ப் பூசலை ஒட்டிப் பெங்களூரில் கலவரம் மூண்டது. தமிழர் பலர் இன்னலுற்றனர். அதே 1991இல் அல்சூர் ஏரியருகே நிறுவப்பட்ட திருவள்ளுவர் சிலை, பதினெட்டு ஆண்டுகள் மூடப்பட்டிருந்து, 2009 ஆகஸ்டு 9ஆம் நாள் திறக்கப்பெற்றது. நான்கு நாள் கழித்துக் கன்னடக் கவிஞர் சர்வக்ஞரின் சிலை சென்னையில் திறக்கப்பெற்றது. இரு சிலைகள் இடம் மாறுவதற்கு இரு அரசுகளும் பதினெட்டு ஆண்டுகளும் தேவைப்பட்டன. எதிர்வீட்டுப் பாட்டு தெருவைக் கடப்பதற்கு ஒரு பிற்பகல் போதுமாயிருந்தது.

7. வானொலி, திரைப்படம், ஒலிநாடா

இருபதாம் நூற்றாண்டில் வந்த கருவிகள் பரிமாற்றத்தைப் பெருக்கின; ஆனால் குறிப்பைக் குறைத்தன. 1952க்குப் பின் அமைச்சர் பி.வி.கேஸ்கர் காலத்தில் அகில இந்திய வானொலி திரைப்பாடல்களை ஒதுக்கியபோது, தென்னிந்திய நேயர்கள் இலங்கை வானொலியை நாடினர். விரும்பிய பாட்டைக் கேட்டு அஞ்சலட்டை எழுதுவோரின் பெயர்களையும் ஊர்களையும் அறிவிப்பாளர் வரிசையாகப் படித்த பின் பாட்டு ஒலிக்கும். இன்ன பாட்டு, இன்னார் விரும்பியது என்னும் அப்பட்டியல், பாட்டு நோட்டின் தலைக்குறிப்பு வானலையில் பெற்ற மறுவடிவம் எனலாம். 1957 அக்டோபர் 3ஆம் நாள் தொடங்கிய விவித்பாரதியும் இவ்வழியைப் பின்பற்றியது.

திரையுலகில் மெட்டு முதலிலும் சொல் பின்னரும் பிறத்தல் பெருவழக்காயிற்று. கன்னடத் திரையிசையில் புகழ்பெற்ற ஜி.கே.வெங்கடேஷிடம் இளையராஜா உதவியாளராக இருந்து பயின்றார். ஆந்திர நாட்டில் பிறந்த பி.பி.ஸ்ரீனிவாஸ் கன்னடத்தில் ராஜ்குமாருக்கும் தமிழில் ஜெமினி கணேசனுக்கும் குரல் கொடுத்தார். மணிரத்னத்தின் முதற்படமாகிய ‘பல்லவி அனுபல்லவி’ 1983இல் கன்னடத்தில் வெளிவந்தது, இசை இளையராஜா. அவருடைய மெட்டுகள் ஒரு மொழியிலிருந்து மற்றொரு மொழிக்குச் சென்று புதுச்சொல் பெற்றன. ஆனால் இசைத்தட்டின் மேலும் ஒலிநாடாவின் உறைமேலும் ‘இன்ன பாட்டின் மெட்டு’ என்று எவரும் அச்சிடவில்லை. அதன் விளைவாக, ஒரே மெட்டைத் தமிழ் இளைஞர் தமது என்பர். கன்னட இளைஞர் தமது என்பர். இருவரும் உண்மையே கூறுகின்றனர். இரண்டும் உறவு என்பதைக் கூறும் வரி மட்டும் காணாமற் போயிற்று.

1980களிலும் 1990களிலும் நகரின் ஒலிப்பதிவுக் கடைகளில், விரும்பும் பாடல்களைத் தாளில் எழுதிக்கொடுத்தால் அறுபது நிமிட ஒலிநாடாவில் பதிந்து தருவர். பக்கத்துக்கு முப்பது நிமிடம். ஆறேழு பாட்டுக்குள் தேர்ந்தெடுக்க வேண்டியிருந்தமையால், நண்பருக்கு எதைத் தருவது என்பது சிந்தனைக்குரிய செயலாக இருந்தது. கல்லூரி நண்பர்கள் தம்முள் மாற்றிக்கொண்ட அந்நாடாக்களின் உறையில், தமிழ்ப் பாட்டின் பெயரைக் கன்னட எழுத்திலும் கன்னடப் பாட்டின் பெயரைத் தமிழ் எழுத்திலும் எழுதியிருப்பர். நாடாக்கள் இன்று ஒலிப்பதில்லை. எஞ்சியுள்ள உறைத்தாள்கள் இருமொழி வாழ்வின் ஆவணங்கள். இன்று கைப்பேசியில் பாட்டு ஒரு நொடியில் சென்று சேர்கின்றது. யார் யாருக்கு, ஏன் தந்தனர் என்பது எவ்வேட்டிலும் பதிவதில்லை.

முடிவுரை

மெட்டுக் குறிப்பு பாட்டுக்குப் புறம்பான ஒன்றன்று. பாட்டின் பொருளைத் தாங்குவது, மொழிவடிவத்தை விளக்குவது, இசையை மீட்டெடுக்க உதவுவது என்பன இதுவரை கூறியவற்றால் பெறப்படும். இவற்றினும் மேலாக, ஒருவர் தாம் விரும்பிய பாட்டைத் தந்தவருக்குக் கடன்பட்டிருப்பதை ஒப்புக்கொள்ளும் சொல் அது.

எனவே இரு பணிகள் உடனடியாகச் செய்யத்தக்கன. பழைய பாட்டுப் புத்தகங்களை மறுபதிப்புச் செய்வோர் தலைக்குறிப்புகளை ஓரெழுத்தும் விடாது பதித்தல் வேண்டும். அடுத்து, பெங்களூர், கோலார் தங்கவயல் போன்ற இருமொழிச் சூழல்களில் வீடுகளில் எஞ்சியுள்ள பாட்டு நோட்டுகளைத் தேடி, அவற்றில் குறிக்கப்பட்ட மூலப்பாட்டுகளை அறிந்த முதியோர் வாழும்போதே ஒலிப்பதிவு செய்தல் வேண்டும். தமிழ் நோட்டுக்கு உரிய மெட்டு கன்னட வீட்டில் இருக்கலாம். கன்னட நோட்டுக்கு உரியது தமிழ் வீட்டில் இருக்கலாம். ஆகவே இப்பணி இருமொழி அறிந்தோர் கூடிச் செய்ய வேண்டிய பணி.

மேலே கூறிய நலங்குப் பாட்டு அண்மையில் இக்கட்டுரையாளரின் குடும்பத் திருமணம் ஒன்றில் பாடப்பெற்றது. மூலப்பாட்டுக்குரிய அம்மையார் முதலில் கன்னடத்தில் பாட, பின்னர்த் தமிழ்ப்பாட்டு அதே மெட்டில் தொடர்ந்தது. அளபெடைகள் எல்லாம் தத்தம் இடத்தில் நின்றன.